உட்புற பிரேக் பேடைக் கழற்றிக் காட்டிய பணிமனை

பத்தாண்டுகளைக் கடந்த என் ஸ்கோடா லாரா காரின் இடப்பக்கப் பின் சக்கரத்தில், பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் இரும்போடு இரும்பு உரசும் ஓசை கேட்கத் தொடங்கியதால், கோவை சிங்காநல்லூரிலுள்ள இந்தச் சிறு பணிமனைக்கு வண்டியைக் கொண்டு சென்றேன். இரண்டு மாதங்களுக்கு முன்புதான் வேறோர் இடத்தில் முழு சர்வீஸ் முடித்திருந்தேன். அங்கே சக்கரத்தைக் கழற்றாமல், அலாய் வீலின் இடைவெளி வழியே தெரிந்த வெளிப்புற பிரேக் பேடை (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற வட்டத் தகட்டை அழுத்திப் பிடிக்கும் உராய்வுக் கட்டை) மட்டும் பார்த்துவிட்டு, பேட் பாதி மீதமிருப்பதாக எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

இங்கே மெக்கானிக் சக்கரத்தையும், பேடுகளை டிஸ்க்கின்மேல் அழுத்தும் காலிப்பரையும் கழற்றி, இரண்டு பேடுகளையும் என் கையில் கொடுத்தார். வெளிப்புறப் பேடில் 5 மி.மீ. உராய்வுப் பொருள் இருந்தது. உட்புறப் பேடிலோ வெறும் இரும்புத் தகடுதான் எஞ்சியிருந்தது. காலிப்பர் நகர்வதற்கான பின்கள் துருப்பிடித்து இறுகிப்போனதால், பேடைத் தள்ளும் பிஸ்டன் இருக்கும் உட்பக்கத்துப் பேட் மட்டும் தேய்ந்திருக்கிறது என்று அவர் அந்தப் பின்களை இழுத்துக் காட்டியே விளக்கினார். டிஸ்க்கின் தடிமனை மைக்ரோமீட்டரால் அளந்து, அதற்குரிய குறைந்தபட்ச அளவோடு ஒப்பிட்டார். தடிமன் போதுமானதாக இருந்தும் உட்பரப்பில் ஆழமான கீறல்கள் விழுந்திருந்ததால், இரண்டு பின் டிஸ்க்குகளையும் மாற்ற ஒப்புக்கொண்டேன்.

நான் மிகவும் மதிப்பது பிஸ்டனை அவர் கையாண்ட விதத்தை. இந்த வண்டியில் ஹேண்ட்பிரேக்கின் இயக்கம் பின் காலிப்பருக்குள்ளேயே அமைந்திருப்பதால், முன் சக்கரத்தில் செய்வதுபோல் கிளாம்ப் வைத்து நேராக அழுத்தினால் உள்ளிருக்கும் பொறியமைப்பு கெட்டுவிடும். அழுத்திக்கொண்டே வலப்புறமாகத் திருக வேண்டும். அதற்கென உள்ள கருவி அவரிடம் இருந்தது. கழற்றிய காலிப்பரை அதன் பிரேக் எண்ணெய்க் குழாயில் (ஹோஸ்) தொங்கவிடாமல் கம்பியால் கட்டிவைத்தார், பின்களைச் சுத்தம் செய்து அதற்குரிய கிரீஸைத் தடவினார், காலிப்பர் போல்ட்டுகளைப் புதிதாகவே போட்டார், சக்கர போல்ட்டுகளை முறுக்குவிசையை அளக்கும் டார்க் ரெஞ்சால் 120 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கினார். ஹேண்ட்பிரேக்கை விடுவித்ததும் இரு பக்கக் காலிப்பர்களிலும் உள்ள ஹேண்ட்பிரேக் லீவர்களும் முழுமையாகத் திரும்புகின்றனவா என்று பார்த்த பிறகே, பெடலை அது கெட்டியாகும்வரை பலமுறை மிதித்து, வண்டியை நகர்த்தினார்.

குறை சொல்வதென்றால், பில்லில் பேடின் நிறுவனப் பெயரும் பாக எண்ணும் இல்லை. கேட்ட பிறகே எழுதித் தந்தார்கள். ஒருவரே எல்லாவற்றையும் செய்வதால் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று, உட்கார இடமும் இல்லை. முன்பதிவு செய்து காலையிலேயே செல்வது நல்லது.

1,500 கிலோமீட்டர் ஓடியபின் மறுபார்வைக்கு வரச் சொல்லியிருந்தார். சென்ற வாரம் போனேன். கூலி வாங்காமல் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார். உட்புறப் பேடும் வெளிப்புறப் பேடும் ஒரே அளவில் இருந்தன.