ஒரு மணி நேரப் பயிற்சியா, பதினெட்டு மாதத் தொடர்பா?

எங்கள் மகளிர் குழுக் கூட்டமைப்பில் தற்கொலைத் தடுப்புப் பணிக்கென்று சேர்ந்தது ஒரு சிறு தொகை. முன்வந்தவர்கள் நாற்பது பேர். இதைக் கொண்டு எதைச் செய்வது என்று இரண்டு மாதம் பேசினோம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பயிற்சி கட்டாயம் வேண்டும், பயிற்சியோடு நிறுத்தினால் பாதிக் கிணறு தாண்டிய கதைதான்.

அமெரிக்க உளவியலாளர் பால் குவின்னெட் உருவாக்கிய கியூ.பி.ஆர். பயிற்சி ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். கேட்பது, உதவி பெறச் சம்மதிக்க வைப்பது, உரிய இடத்தில் சேர்ப்பது என மூன்றே படிகள். ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், மருந்துக்கடைக்காரர் என்று பலருக்கு ஒரே நாளில் சொல்லித்தரலாம். கனடாவின் லிவிங்வொர்க்ஸ் அமைப்பு உருவாக்கிய அசிஸ்ட் பயிற்சிக்கு இரண்டு முழு நாள் வேண்டும். செலவும் கூடுதல்.

நீண்ட பயிற்சி எதற்கு என்பது எனக்கு ஓர் ஒத்திகையில்தான் புரிந்தது. எதிரே உட்கார்ந்திருந்த அக்காவிடம், "தப்பாக ஏதும் யோசிக்கவில்லையே, அக்கா?" என்று கேட்டேன். "இல்லையம்மா" என்றார். பயிற்றுநர் நிறுத்தினார். "இல்லை என்ற பதிலை நீங்களே அவர் வாயில் ஊட்டிவிட்டீர்கள்" என்றார். மறுபடி கேட்டேன். "தற்கொலை செய்துகொள்ளும் எண்ணம் வருகிறதா, அக்கா?" அந்தச் சொல் தடுமாறாமல் வர மூன்று முறை ஆயிற்று. அக்கா தலையைக் குனிந்துகொண்டார். நடிப்பு என்று தெரிந்தும் எனக்குக் கை நடுங்கியது. நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற பயம் நம்மிடம் வலுவாக இருக்கிறது. ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் இதைத் தெரிந்துகொள்ளலாம், நாக்கு பழகாது. அதனால் எல்லோருக்கும் குறும்பயிற்சி, ஆறு பேருக்கு மட்டும் நீண்ட பயிற்சி என்று முடிவு செய்தோம்.

அடுத்த கேள்வி, தொலைபேசி உதவியா, நேரில் போவதா? சென்னையில் 1986 முதல் சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு இயங்குகிறது. 2022இல் தொடங்கிய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் இரவு இரண்டு மணிக்கும் தமிழில் பேசலாம். சொன்னால் தெருவுக்கே தெரிந்துவிடும் என்று அஞ்சுபவருக்கு முகம் தெரியாத குரலே நிம்மதி. அதற்கு நாங்கள் ஈடாக முடியாது. ஆனால் அங்கே முதலில் அழைக்க வேண்டியவர் துன்பத்தில் இருப்பவர். தற்கொலைக்கு முயன்று உயிர்பிழைத்து ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவரை வெட்கமும் வீட்டாரின் கோபமும் வாயடைத்துவிடுகின்றன. அவரிடம் நாம்தான் போக வேண்டும்.

இதற்கு ஆதாரம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. சென்னை, கொழும்பு உள்பட ஐந்து இடங்களில் இப்படி உயிர்பிழைத்த 1,867 பேரிடம் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 2008இல் வெளியானது. அவர்களில் ஒரு பகுதியினரிடம் ஒரு மணி நேரம் தனியாகப் பேசி, பிறகு 18 மாதங்களில் ஒன்பது முறை நேரிலோ தொலைபேசியிலோ விசாரித்தார்கள். இப்படி விசாரிக்கப்பட்டவர்களில் தற்கொலையால் இறந்தவர்கள் 0.2 சதவீதம். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம்.

வீடுதோறும் பூச்சிமருந்துக்குப் பூட்டுப்பெட்டி கொடுக்கலாம் என்றும் சிலர் சொன்னார்கள். இலங்கையில் பெரிய அளவில் செய்து பார்த்த அந்த முறை பலன் தரவில்லை என்று 2017இல் ஆய்வு வெளியானது. காட்டுமன்னார்கோயில் பகுதியில் சோதித்த ஊர்ப் பொதுக் கிடங்கு நல்ல வழி; எங்கள் கைப்பணத்துக்கு அது எட்டாது.

மீதித் தொகையைப் பஸ் கட்டணத்துக்கு ஒதுக்கிவிட்டோம். ஆறு பேரிடமும் ஆளுக்கொரு நோட்டு இருக்கிறது. நாங்கள் வந்து பார்க்கச் சம்மதம் தந்தவர்களுக்கு 1, 2, 4, 7, 11ஆம் வாரங்கள், பிறகு 4, 6, 12, 18ஆம் மாதங்கள். ஒவ்வொரு தேதிக்கு எதிரிலும் யார் போவது என்று எழுதி வைத்திருக்கிறோம்.