ஆன்டிக் டோக்கனும் அந்த லாக்கர் பூச்சும்: ஓட்டிப் பார்த்தபின் எழுதுவது

டோக்கனை எந்த அளவில் அடிக்கலாம், எவ்வளவு தடிமன் வைக்கலாம் என்பதெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது தெரிந்தவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. சொந்த டிசைனில் ஆர்கேட் டோக்கன் (கேம் மெஷினில் காசுக்குப் பதிலாகப் போடும் வில்லை) அடிக்கக் கொடுக்கும்போது எல்லாம் பேசி முடித்த பிறகு கடைசியாக ஒரு கேள்வி வரும், ஃபினிஷ் என்ன போடட்டும் என்று. சாம்பிள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லிவிடுவோம். அந்தப் பதிலோடுதான் அப்புறம் வருடக்கணக்கில் குடித்தனம் நடத்த வேண்டியிருக்கிறது. போன வாரம் டோக்கன் கொடுக்கும் மெஷினின் ஹாப்பரை, அதாவது டோக்கனைக் கொட்டி வைத்தால் ஒவ்வொன்றாக வெளியே தள்ளும் பெட்டியை, ரிப்பேருக்காகப் பிரிக்க வேண்டி வந்தது. அதே சமயத்தில், புதிதாக கேம் சென்டர் தொடங்கும் நண்பர் ஒருவர் "ஆன்டிக் பித்தளையா, நிக்கலா, எதைச் சொல்லட்டும்?" என்று கேட்டார். போனில் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

என்னிடம் மூன்று ஃபினிஷும் ஓடுகின்றன. முதலில் அடித்தது பித்தளை மேல் நிக்கல் முலாம், முகம் பார்க்கும் பாலிஷ். அடுத்து ஆன்டிக் பித்தளை, பழைய காசு மாதிரி பள்ளத்தைக் கறுப்பாகவும் மேட்டை மஞ்சளாகவும் விட்டது. அதற்கும் பிறகு, அவசரத்துக்கு ஒரு சின்ன லாட், எந்தப் பூச்சும் இல்லாத வெறும் பித்தளை. மூன்றுக்கும் அச்சு ஒன்றுதான்: ஒரு பக்கம் ராக்கெட், மறுபக்கம் கடைப் பெயர்.

என் கோபமெல்லாம் ஆன்டிக் டோக்கன் மேல் அடித்துக் கொடுக்கிறார்களே அந்த லாக்கர் மேல்தான், வார்னிஷ் மாதிரியான மேல்பூச்சு அது. கேட்காமலே அடித்துத் தருகிறார்கள். கொட்டேஷனில் தனி வரியாகக்கூட வராது, ஆன்டிக் என்றால் அதோடு சேர்ந்ததுதான் என்பார்கள். நிறம் மாறாமல் காப்பாற்றுமாம். கண்ணாடி அலமாரியில் வைக்கும் பதக்கத்துக்கு அது சரி, கேடயத்துக்கும் சரி. டோக்கன் அப்படியா? ஹாப்பருக்குள் நூற்றுக்கணக்கில் ஒன்றோடொன்று உரசி, சுழலும் தட்டில் புரண்டு, சரிவில் வழுக்கி, மெஷினின் பெட்டிக்குள் மொத்தமாக விழுந்து, மறுபடி அள்ளிக் கொட்டப்படும் பொருள். அதன் மேல் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தைப் போர்த்தினால் எத்தனை நாள் தாங்கும்?

முதலில் விளிம்பில் கிளம்பும். அப்புறம் டிசைனின் மேடான இடங்கள். இப்போது கையில் வைத்திருக்கும் ஒரு டோக்கனையே சொல்கிறேன். ராக்கெட்டின் மூக்கிலும் இறக்கைகளிலும் லாக்கர் சுத்தமாகப் போய்விட்டது, அங்கே பித்தளை நன்றாகத்தான் இருக்கிறது. பக்கத்தில் உள்ள சமதளத்தில்தான் கோளாறு. அங்கே லாக்கர் பாதி எழும்பி, வெயிலில் உரிந்த தோல் மாதிரி ஓரம் சுருண்டு நிற்கிறது. அதற்கு அடியில் காற்றும் வியர்வையும் புகுந்து பழுப்பாக ஒரு திட்டு, திட்டின் ஓரத்தில் லேசாகப் பச்சை. நகத்தால் கீறினால் செதில் வருகிறது. சுத்தம் செய்யலாம் என்றால் அதற்கும் வழியில்லை. லாக்கர் இருக்கும் இடத்தில் பாலிஷ் ஏறாது, இல்லாத இடத்தில் ஆன்டிக்கின் கறுப்பையும் சேர்த்துத் துடைத்துவிடும். செய்து கொடுத்தவர்களிடம் காட்டியபோது "டோக்கன் என்றால் தேயத்தானே செய்யும்" என்றார்கள். தேயட்டும், யார் வேண்டாம் என்றது? தேய்வது வேறு, உரிவது வேறு.

உரிந்த செதில் எங்கே போகிறது என்பது ஹாப்பரைப் பிரித்தபோதுதான் தெரிந்தது. டோக்கன் வெளியேறும் வாயில் ஒரு ஒளி சென்சார் இருக்கும். ஒவ்வொரு டோக்கனும் கடக்கும்போது ஒளி மறைபடுவதை வைத்துத்தான் மெஷின் எண்ணிக்கொள்கிறது. அந்த சென்சாரின் கண்மேல் மஞ்சளாக, பிசுபிசுவென்று ஒரு படிவு. விளைவு, சில நேரம் வாயில் டோக்கன் சிக்கியிருப்பதாக நினைத்து மெஷின் நின்றுவிடும். சில நேரம் போனதைக் கவனிக்காமல் ஒன்று கூடுதலாகத் தள்ளிவிடும். மோட்டார் பழுது, பெல்ட் பழுது என்று நாங்கள் எதையெதையோ பார்த்துக்கொண்டிருந்தோம். ரிப்பேருக்கு வந்தவர் பஞ்சில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்துத் துடைத்துவிட்டு, "இது தூசி இல்லைங்க, ஏதோ வார்னிஷ் மாதிரி இருக்கு" என்றார். வெறும் பித்தளையைப் போட்டு ஓட்டும் இன்னொரு ஹாப்பரில் கருப்புத் தூள் இருந்தது, ஆனால் அது ஊதினாலே போகிற தூள், ஒட்டிக்கொள்ளவில்லை.

சரி, ஆன்டிக்கைப் பற்றி நியாயமாகவும் பேச வேண்டும், ஏனென்றால் லாக்கர் செய்த பாவத்துக்கு ஆன்டிக் பொறுப்பில்லை. டோக்கன் முழுவதையும் ரசாயனத்தில் முக்கிக் கறுக்க வைத்து, பிறகு உருட்டியோ துணிச்சக்கரத்தில் காட்டியோ மேடான இடங்களை மட்டும் திரும்ப வெளுக்க வைப்பார்கள். பள்ளத்தில் கறுப்பு நின்றுவிடும். ஆன்டிக் என்பது இவ்வளவுதான், பழமை என்று தனியாக எதுவும் இல்லை. ஆனால் இதன் பலனை ஆர்கேட்டின் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அங்கே மேலே மங்கலான விளக்கு, சுற்றிலும் நீலமும் சிவப்புமாகத் திரைகள். நிக்கல் பாலிஷ் டோக்கனை அந்த இடத்தில் கையில் எடுத்தால் சமதளம் முழுக்கச் சுற்றியுள்ள விளக்குகளின் பிம்பம்தான், ராக்கெட்டையே காணோம். ஆன்டிக்கில் பள்ளம் கறுப்பு, மேடு மஞ்சள், ஒரு பார்வையில் படமும் எழுத்தும் தெரிகின்றன. காசு கொடுத்து அச்சு வெட்டி டிசைன் செய்ததே அது தெரிவதற்காகத்தானே. அச்சில் விளிம்பை டிசைனைவிடக் கொஞ்சம் உயரமாக வைத்திருந்தால் உரசலின் பெரும்பங்கை விளிம்பு வாங்கிக்கொள்கிறது, ராக்கெட் தப்பிக்கிறது.

அதிலும் பழைய ஆன்டிக் டோக்கன்கள், லாக்கர் முழுதும் ஒழிந்துபோனவை, அவற்றின் அழகே தனி. மேடுகள் கைபட்டுக் கைபட்டு மிருதுவாகி, புதிதில் இருந்ததைவிட நல்ல மஞ்சளாகிவிட்டன. பள்ளங்களில் கறுப்பு இன்னும் இறுகியிருக்கிறது. கடைப் பெயரின் ஒவ்வொரு எழுத்தும் செதுக்கி வைத்தது போலத் துல்லியம். புதிய டோக்கனைவிடப் பழையது அழகாக இருக்கும் என்று சாம்பிள் அட்டை எதுவும் எனக்குச் சொல்லவில்லை. விளையாட வருகிறவர்கள் இதைத்தான் அதிகமாக வீட்டுக்கும் எடுத்துப் போகிறார்கள், அது நஷ்டமா விளம்பரமா என்பதை அவரவர் கணக்கில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிக்கலைத் திட்டுவதற்கு அதிகம் இல்லை. கையில் கறை இல்லை, வாடை இல்லை, நிறம் மாறவில்லை. பித்தளையைவிட நிக்கல் கடினம், ஹாப்பரிலும் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. முலாம் சில மைக்ரான் கனம்தான் என்பதால் விளிம்பில் தேய்ந்து உள்ளே இருக்கும் மஞ்சள் கோடு கோடாகத் தெரியத் தொடங்கியிருக்கிறது, அதுகூடப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒரே குறை அந்தக் கண்ணாடிப் பாலிஷ். ஹாப்பரில் நாலு முறை புரண்டதுமே முடி போன்ற கீறல்கள் விழுந்துவிட்டன. நிக்கலே வேண்டும் என்றால் சமதளத்தை சாண்ட்பிளாஸ்ட் செய்து (மணலைப் பீய்ச்சி) பளபளப்பில்லாமல் மங்கலாக வைத்து, டிசைனை மட்டும் பளபளப்பாக விடச் சொல்லுங்கள். கீறலும் தெரியாது, படமும் தெரியும். நிக்கல் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கொடுக்கும் என்பதையும் மனதில் வையுங்கள்.

இரும்பு மேல் முலாம், துத்தநாகக் கலவையில் வார்த்து மேலே தங்க நிறம், இந்தப் பக்கமே போகாதீர்கள். இரும்பு என்றால் முலாம் தேய்ந்த விளிம்பில் துரு பிடிக்கும், அதோடு பழைய மெக்கானிக்கல் காயின் மெக்கில் (போட்ட டோக்கனைச் சோதித்து ஏற்கும் பாகம்) போலிகளைப் பிடிக்க வைத்திருக்கும் காந்தம் உங்கள் டோக்கனையே பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு காந்தத்தைக் காட்டிப் பார்த்தாலே உள்ளே இரும்பு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். துத்தநாகத்துக்குத் தராசு போதும்: 25 மி.மீ. அகலம், 1.75 மி.மீ. தடிமன் உள்ள டோக்கன் நல்ல பித்தளையில் ஏறத்தாழ 7 கிராம் வர வேண்டும், துத்தநாகக் கலவை என்றால் 6 கிராமைக்கூட எட்டாது.

ஃபினிஷ் பற்றிப் பேசும்போது யாரும் காயின் மெக்கைக் கணக்கில் எடுப்பதில்லை, நண்பருக்கு இதை இரண்டு முறை அழுத்திச் சொன்னேன். எலக்ட்ரானிக் மெக்கில் கம்பிச் சுருள்களுக்கு நடுவே ஒரு மாதிரி டோக்கனை வைத்துவிடுவோம், உள்ளே விழுவதை அதோடு ஒப்பிட்டுத்தான் அது ஏற்கும் அல்லது துப்பும். நிக்கல் காந்தத் தன்மை உள்ள உலோகம். மெல்லிய முலாம்தானே என்று நாம் நினைத்தாலும் சுருளுக்கு அந்த வித்தியாசம் தெரிகிறது. நிக்கலை மாதிரியாக வைத்திருந்த மெக்கில் பித்தளையைப் போட்டபோது ஒன்றை ஏற்று ஒன்றைத் துப்பியது. ஆகவே ஒரு மெஷினுக்கு ஒரு ஃபினிஷ் என்று வைத்துக்கொண்டால் தலைவலி இல்லை. சிஎச்-926 மாடல் போல, டோக்கன்களைப் போட்டுக் காட்டி நாமே பழக்கிக்கொள்ளும் வகை மெக் என்றால் ஒவ்வொரு ஃபினிஷையும் தனி நாணயமாகவே பதிவு செய்துவிடலாம், அதில் 6 வகை வரை இடம் இருக்கிறது. பழக்கும்போது புதிய டோக்கன்களை மட்டும் போடாமல், தேய்ந்தது, கறுத்தது எல்லாவற்றையும் கலந்து போடுங்கள். எவ்வளவு வித்தியாசம் வரை ஏற்கலாம் என்று அதில் வைக்கும் எஃப் மதிப்பை மிகக் குறைவாக வைத்தால் அது கறார் பேர்வழியாகிவிடும், தேய்ந்த டோக்கனை எல்லாம் திருப்பி அனுப்பும்.

வெறும் பித்தளைக்கு வருகிறேன். முதல் கொஞ்ச காலம் இதைப் பார்க்கப் பிடிக்காது. வந்த புதிதில் வெளிறிய மஞ்சள், பிறகு விரல் ரேகை படிந்த இடமெல்லாம் பழுப்பு, ஒன்று ஒரு நிறம் மற்றது ஒரு நிறம். கையில் வாடை ஒட்டும் (அந்த வாடை உலோகத்துடையது மட்டுமல்ல, தோலின் எண்ணெய்ப் பசை உலோகத்தில் பட்டு மாறுவதால் வருவது). நிறையத் தொட்டால் விரல் நுனி கறுக்கும். அவ்வப்போது சோப்புத் தண்ணீரில் அலசி, ஈரம் போக நன்றாகக் காய வைத்தாக வேண்டும். வினிகரும் உப்பும் போட்டு ஊற வைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மேல்பரப்பில் துத்தநாகம் கரைந்து போய், செம்பு மட்டும் நின்று, டோக்கன் ரோஸ் நிறத்துக்குப் போய்விடும்.

இவ்வளவு குறையையும் தாண்டி ஒன்று நடக்கிறது. உரசல் படும் மேடுகள் தானாகவே துலங்குகின்றன, யாரும் தொடாத பள்ளங்கள் தானாகவே கறுக்கின்றன. இப்போது எங்கள் வெறும் பித்தளை டோக்கனையும் லாக்கர் போன ஆன்டிக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எங்கள் ஆட்களே ஒரு கணம் தயங்குகிறார்கள். ரசாயனத்தில் முக்கிச் செய்ததை ஹாப்பரும் விரல்களும் சும்மாவே செய்து கொடுத்துவிட்டன. உரிவதற்கு அதன் மேல் ஒன்றுமே இல்லை.

ஆகவே நண்பருக்கு என் பதில்: மூன்றில் அழகு ஆன்டிக், தொல்லை இல்லாதது நிக்கல், நீங்கள் வாங்க வேண்டியது வெறும் பித்தளை. பக்கம் பக்கமாக ஆன்டிக்கைப் புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறேனே என்றால், அந்த சென்சாரைத் துடைத்த பஞ்சின் நிறம் இன்னும் கண்ணில் நிற்கிறது. இன்னும் ஆறு மாதம் கழித்துக் கேட்டிருந்தால் ஆன்டிக் என்றேகூடச் சொல்லியிருப்பேன். முதல் நாளிலிருந்தே கறுப்பும் மஞ்சளுமாக வேண்டும், காத்திருக்க முடியாது என்றால் ஆன்டிக்கே எடுங்கள், ஆனால் ஆர்டரில் "லாக்கர் கூடாது" என்று எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னது பட்டறை வரை போய்ச் சேராது. மொத்தமாக அடிக்கும் முன் ஒரு கைப்பிடி சாம்பிள் வாங்கி, பழைய டோக்கன்களோடு ஒரு துணிப்பையில் போட்டுக் கட்டி நன்றாகக் குலுக்குங்கள், பிறகு பையைத் திறந்து டோக்கனைப் பார்ப்பதற்கு முன் பையின் அடியில் செதில் ஏதாவது விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்திருந்தால் அந்த சாம்பிளைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.