கேசினோ டீலர் பயிற்சிக்குப் பணம் கட்டப் போகிறீர்களா? மதுரையில் எங்களுக்கு நடந்தது இது

மதுரையில் ‘சர்வதேச கேசினோ டீலர் பயிற்சி’ (டீலர் என்றால் சூதாட்ட விடுதியின் மேஜையில் நின்று ஆட்டத்தை நடத்துபவர்) என்ற விளம்பரத்தைப் பார்த்துப் பணம் கட்டப் போகிறவர்கள், கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். என் அக்கா மகனிடம் பயிற்சிக் கட்டணமாக 75,000 ரூபாயும், சொகுசுக் கப்பல் கேசினோவில் வேலைக்கு முன்பதிவு என்று இன்னொரு 60,000 ரூபாயும் வாங்கிக்கொண்டார்கள். வேலை வரவில்லை. அதைவிடக் கொடுமை, சொல்லிக் கொடுத்த பாடமே தப்பு. வெளிநாட்டு வேலை மோசடியைப் பற்றி நாளிதழ்களில் அடிக்கடி வருகிறது. பாடம் தப்பு என்பது எந்தப் புகார் மனுவிலும் வராது. கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் என் கண்ணில் பட்டது. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது.

பையன் உசிலம்பட்டிக்காரன். கேட்டரிங் டிப்ளமோ முடித்துவிட்டு மாட்டுத்தாவணி பக்கம் ஓர் ஓட்டலில் வரவேற்பில் நின்றுகொண்டிருந்தான். டாலரில் சம்பளம், சாப்பாடும் தங்குமிடமும் இலவசம் என்று கைப்பேசியில் விளம்பரம் வந்தது. அக்காவின் சங்கிலி அடகுக்குப் போனது. பயிற்சி நடந்த இடம் பைபாஸ் சாலையில் ஒரு வணிக வளாகத்தின் இரண்டாம் மாடி. ரூலட், பிளாக்ஜாக், கிராப்ஸ் என்று மூன்று பாடம். இவற்றில் கிராப்ஸுக்குத்தான் மதிப்பு அதிகம், அமெரிக்கர்கள் ஏறும் கப்பல்களில் கிராப்ஸ் தெரிந்த டீலரைக் கொத்திக்கொண்டு போவார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்கர்களுக்குக் கிராப்ஸ் பிடிக்கும் என்பது உண்மைதான். மோசடிக்காரர்கள் சொல்வதில் பாதி உண்மையாகத்தான் இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பையன் ஒரு ஜெராக்ஸ் கட்டைக் கொண்டுவந்தான். “மாமா, பந்தயத்துக்குப் பணம் பட்டுவாடா செய்யும் கணக்கு மட்டும் கைக்கு வரமாட்டேன் என்கிறது. கொஞ்சம் பாருங்கள்” என்றான். நான் கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக்கடையில் கணக்கு எழுதுகிறேன். விகிதக் கணக்கு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அந்தக் கட்டில் இருந்த கணக்கு எப்படிப் போட்டாலும் உதைத்தது. அன்றிரவே அமெரிக்கக் கேசினோக்களின் விதிகளைத் தேடி எடுத்து, வரிக்கு வரி ஒப்பிட உட்கார்ந்துவிட்டேன்.

கிராப்ஸ் ஆட்டத்தைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு பகடை. முதல் வீச்சுக்குக் கம்-அவுட் என்று பெயர். ஆட்டத்தின் அடிப்படைப் பந்தயமான பாஸ் லைனில் பணம் வைத்தவருக்கு அந்த வீச்சில் 7 அல்லது 11 விழுந்தால் வெற்றி. 2, 3, 12 விழுந்தால் தோல்வி. 4, 5, 6, 8, 9, 10 இவற்றில் எது விழுந்தாலும் அதுவே பாயிண்ட். பிறகு 7 விழுவதற்கு முன் அந்த எண் மறுபடி விழுந்தால் வெற்றி, 7 முந்திக்கொண்டால் பணம் போயிற்று. தாயத்தில் தாயம் விழாமல் காய் இறங்க முடியாமல் உட்கார்ந்திருப்போமே, அந்தத் தவிப்பை அப்படியே காசாக்கிய ஆட்டம். இரண்டு பகடையில் 36 விதமான விழுகை உண்டு. 7 மட்டும் 6 விதமாக விழும். 6, 8 ஐந்து விதம். 5, 9 நான்கு. 4, 10 மூன்று. 3, 11 இரண்டு. 2, 12 ஒன்றே ஒன்று. கேசினோவின் லாபம் முழுவதும் இந்த வரிசைக்குள்தான் இருக்கிறது.

இப்போது அவர்கள் வைத்திருந்த மேஜை. பையனைக் கூட்டிக்கொண்டு நேரிலேயே போய்ப் பார்த்தேன். டேபிள் டென்னிஸ் பலகையின் ஒரு பாதியில் ஃபிளெக்ஸ் பேனரை விரித்து ஓரத்தில் ஆணி அடித்திருந்தார்கள். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் அடிப்பார்களே, அதே ஃபிளெக்ஸ்தான். ஆங்கிலத்தில் ‘பாஸ்’ என்ற சொல்லிலேயே ஓர் எழுத்தைக் காணோம். அதைக்கூட மன்னிக்கலாம். டோன்ட் பாஸ் கட்டத்தில் ‘12 பார்’ என்ற குறியைக் காணவில்லை.

அந்தக் குறி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். பாஸ் லைனில் 495 முறைக்குச் சராசரியாக 244 வெற்றி, 251 தோல்வி. கேசினோவுக்குக் கிடைக்கும் 1.41 சதவீதம் அதுதான். டோன்ட் பாஸ் என்பது இதற்கு நேர் எதிர்ப் பந்தயம். அப்படியே திருப்பிப் போட்டால் ஆட வந்தவருக்கு 1.41 சதவீதம் லாபமாகிவிடும். அதனால்தான் கம்-அவுட்டில் 12 விழுந்தால் டோன்ட் பாஸ்காரருக்கு வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை என்று ஒரு பூட்டுப் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்த ஒரு பூட்டால் கேசினோ 1.36 சதவீதம் மிச்சம் பிடிக்கிறது. இந்த மாடியில் பூட்டே இல்லை. இந்த ஃபிளெக்ஸை நம்பி ஒரு கேசினோ நடத்தினால் முதலாளி போண்டி.

பகடைகளைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பரமபதப் பெட்டியில் வரும் வெள்ளைப் பிளாஸ்டிக் பகடை. முனை மழுங்கி, புள்ளிகள் குழியாக இருந்தன. கேசினோப் பகடை கண்ணாடி போல ஊடுருவித் தெரியும். கிட்டத்தட்ட 19 மில்லிமீட்டர். விளிம்பு கூர்மையாக இருக்கும். குழிகளை நிரப்பிச் சமப்படுத்தியிருப்பார்கள். வரிசை எண் பொறித்திருக்கும். மேஜையின் மறுகோடிச் சுவரில் பிரமிட் வடிவ ரப்பர் மேடுகள் இருக்கும், வீசிய பகடை அதில் மோதித் திரும்ப வேண்டும். இங்கே சுவர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு அட்டைப் பெட்டி. பகடையைத் தள்ளிக் கொடுக்கும் கோலுக்குத் திரைச்சீலைக் கம்பி. உண்மையான மேஜையில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு டீலர், நடுவில் கோல்காரர், எதிரே சிப்பு எனும் பண வில்லைகளுக்குக் காவலாகப் பாக்ஸ்மேன் என்று நான்கு பேர் இருப்பார்கள். இங்கே நால்வர் வேலையையும் பையன்கள் முறை வைத்து ஒருவரே பார்த்தார்கள். யாருக்கு எந்தப் பந்தயம் சொந்தம் என்று நினைவில் வைக்கும் பயிற்சி, அதுதான் இந்தத் தொழிலின் உயிர், ஒரு நாள்கூட நடக்கவில்லை.

பட்டுவாடா விகிதத்துக்கு வருகிறேன். பாயிண்ட் விழுந்த பிறகு பாஸ் லைனுக்குப் பின்னால் கூடுதலாக வைக்கும் பணத்துக்கு ஆட்ஸ் என்று பெயர். அதற்குக் கேசினோ ஒரு பைசாகூட லாபம் பார்க்காது: 4, 10 என்றால் ஒன்றுக்கு இரண்டு, 5, 9 என்றால் இரண்டுக்கு மூன்று, 6, 8 என்றால் ஐந்துக்கு ஆறு. பிளேஸ் என்பது வேறு பந்தயம். பிடித்த எண்ணில் நேராகப் பணம் வைப்பது. அதன் விகிதம் 4, 10-க்கு ஐந்துக்கு ஒன்பது. 5, 9-க்கு ஐந்துக்கு ஏழு. 6, 8-க்கு ஆறுக்கு ஏழு. ஜெராக்ஸ் கட்டில் ஆட்ஸ் என்ற சொல்லே கிடையாது. ஆட்ஸின் விகிதங்களைத் தூக்கி பிளேஸ் என்ற தலைப்பில் ஒட்டியிருந்தார்கள். எதையோ பார்த்து அவசரத்தில் காப்பியடித்த லட்சணம். விளைவைப் பாருங்கள்: 6-இல் 600 வைத்தவருக்கு 700 தர வேண்டும், கட்டின்படி 720. 5-இல் 500 வைத்தவருக்கு 700-க்குப் பதில் 750. 4-இல் 500 வைத்தவருக்கு 900-க்குப் பதில் 1,000. வேலைக்கு எடுக்கும் முன் மேஜையில் நிறுத்திச் சோதிப்பார்கள். இந்தக் கணக்கோடு போகிற பையன் இரண்டாவது வீச்சிலேயே வெளியே வந்துவிடுவான்.

பயிற்சியாளரிடம் கேட்டேன். கோவாவில் பத்து வருடம் மேஜையில் நின்றவர் என்று அறிமுகம். “சார், அதெல்லாம் கேசினோவுக்குக் கேசினோ மாறும்” என்றார். மாறுவது உண்டு, மறுக்கவில்லை. ஃபீல்ட் என்று ஒரு பந்தயம், அடுத்த வீச்சில் 2, 3, 4, 9, 10, 11, 12 இவற்றில் ஒன்று விழும் என்று வைப்பது. அதில் 12-க்கு ஓரிடத்தில் இரட்டிப்பு தருவார்கள், இன்னோரிடத்தில் மும்மடங்கு. ஆனால் லாபமே இல்லாமல் பிளேஸ் பந்தயம் நடத்தும் கேசினோ எங்கே இருக்கிறது என்று கேட்டதற்குக் கைப்பேசி அடிக்கிறது என்று எழுந்து போய்விட்டார். எனக்கு அது அடித்தது கேட்கவில்லை.

வகைகள் என்று ஒரு பாடம். அதில் கிராப்லெஸ் என்ற வகையை ‘ஆடுபவருக்குச் சாதகமானது’ என்று எழுதியிருந்தார்கள். முதல் வீச்சில் 2, 3, 12 விழுந்தாலும் தோல்வி இல்லை, அவையும் பாயிண்ட் ஆகிவிடும் என்பது வரை சரி. கூடவே 11-உம் பாயிண்ட் ஆகிவிடும் என்பதைச் சொல்லவில்லை. முன்பு கைக்கு வந்த வெற்றி, இப்போது 7-க்கு முன் இன்னொரு 11 விழ வேண்டும் என்று காத்திருக்கும் பந்தயமாகிறது. 7-க்கு ஆறு வழி, 11-க்கு இரண்டே வழி. அதனால் பாஸ் லைனில் கேசினோவின் பங்கு 1.41-இலிருந்து 5.38 சதவீதமாக ஏறுகிறது.

கட்டின் கடைசிப் பக்கம்தான் எனக்குக் கோபத்தை வரவழைத்தது. ‘தோல்வியே இல்லாத உத்தி’ என்று தலைப்பு, அதற்குத் தனியாக 5,000 ரூபாய். ஆங்கிலத்தில் அயர்ன் கிராஸ் என்று ஊருக்கே தெரிந்த பழைய சங்கதி. ஃபீல்டில் 500, 5-இல் 500, 6-இலும் 8-இலும் 600 வீதம், ஆக 2,200 ரூபாய். 7 தவிர எது விழுந்தாலும் பணம் வரும். 36-இல் 30 முறை வெற்றி என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அது பொய் இல்லை. மீதியை நான் போட்டுப் பார்த்தேன். 5, 6, 8 விழுந்தால் 700 வரும், ஃபீல்டில் 500 போகும், கையில் 200. இப்படி 14 விழுகை, 2,800. 3, 4, 9, 10, 11 விழுந்தால் 500 வீதம் 14 விழுகை, 7,000. 2-க்கும் 12-க்கும் இரட்டிப்பு, 2,000. மொத்த வரவு 11,800. 7 விழும் 6 முறையும் 2,200 வீதம் முழுதாகப் போகிறது, 13,200. முப்பத்தாறு வீச்சுக்கு 1,400 ரூபாய் துண்டு விழுகிறது. 12-க்கு மும்மடங்கு தந்தாலும் 900 நட்டம்.

இந்த உத்தியைப் பழகிப் பார்க்க ஒரு செயலியையும் கொடுத்திருக்கிறார்கள், உண்மைப் பணம் போட்டு. கூடப் படித்த ஒரு பையன் போட்டது திரும்பவில்லை. எடுக்கப் போனபோது வரி கட்டு என்று மேலும் கேட்டது. தமிழ்நாட்டில் இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் 2023-இலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025-இல் நாடாளுமன்றமும் சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது. பணம் போனவர்கள் தயங்காமல் இணையக் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

வேலை விஷயம் வழக்கமான கதை. கப்பலில் இருந்து கடிதம் வந்தது, அனுப்பிய முகவரி ஜிமெயில். கப்பலுக்கு ஆள் எடுக்கும் நிறுவனம் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் வைத்திருக்க வேண்டும், வேலை வாங்கித் தருவதற்குக் கடலில் வேலை செய்பவரிடம் கட்டணம் கேட்கவே கூடாது. உரிம எண்ணைக் கேட்டோம். ஒரு வாரம் பதில் இல்லை. பிறகு, கப்பல் தாமதமாகிறது, அதற்குள் கம்போடியாவில் ஒரு கேசினோவில் சேர்ந்துகொள், சுற்றுலா விசாவில் போய்விடலாம் என்றார்கள். அதோடு நிறுத்தினோம். கேசினோ வேலை, கணினி வேலை என்று கம்போடியா, மியான்மர், லாவோஸுக்கு அழைத்துப்போய் இணைய மோசடிக் கூடங்களில் அடைத்துவைப்பதைப் பற்றி வெளியுறவு அமைச்சகம் எச்சரித்துக்கொண்டே இருக்கிறது. 2022-இல் மியான்மரின் மியாவடியிலிருந்து மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டுப் பையன்களும் இருந்தார்கள். கப்பல் அல்லாத வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பார்த்துவிடலாம். பதிவு பெற்ற முகவரே 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் தவிர அதிகம் வாங்க முடியாது. எங்களிடம் வாங்கியது அதைப் போல இரண்டு மடங்கு, பதிவும் கிடையாது.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, சேர்க்கைப் படிவத்தின் அடியில் ‘கட்டணம் திருப்பித் தரப்படாது’ என்று பொடி எழுத்தில் இருப்பதைக் காட்டினார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுத்திருக்கிறோம். 5 லட்சம் ரூபாய் வரை மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. மனுவோடு அந்த ஜெராக்ஸ் கட்டையும் சேர்த்து, தப்பான வரிகளைச் சிவப்பு மையில் கோடிட்டு, சரியான விகிதத்தைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பையன் பழைய ஓட்டலுக்கே திரும்பிவிட்டான்.

ஒரு சிக்கல் மட்டும் இருக்கிறது. 75,000-க்கு நிறுவனத்தின் பெயரில் ரசீது உண்டு. 60,000 ரூபாயை ஒரு தனி நபரின் யு.பி.ஐ. எண்ணுக்கு அனுப்பச் சொன்னார்கள். இப்போது அந்த நபர் யாரென்றே தெரியாது என்கிறார்கள். அதே மாடியில் படித்தவர்கள் யாராவது அப்படி ஒரு தனி நபருக்குப் பணம் அனுப்பியிருந்தால், கைப்பேசியை மாற்றுவதற்கு முன் பரிவர்த்தனை விவரத்தைப் படியெடுத்து வையுங்கள், வங்கியிலிருந்து கணக்கு விவரத்தையும் முத்திரையோடு வாங்குங்கள். அதே பெயர் இரண்டு மனுக்களில் வந்துவிட்டால், தெரியாது என்று அவர்கள் சாதிப்பது கடினம்.