மலையில் வயர்கார்ட்: எங்கள் சங்கத்துக்கு இது சரிவந்தது

எங்கள் சிக்கன கடனுதவிச் சங்கத்தின் தலைமைக் காரியாலயம் ஹட்டனில் இருக்கிறது. மஸ்கெலியா, பொகவந்தலாவை, பண்டாரவளையில் கிளைகள். கொழுந்து பறிக்கும் அக்காமாரின் சேமிப்பும் கடனும் அடையாள அட்டை இலக்கமும் ஹட்டனில் உள்ள ஒரே சேர்வரில்தான். கிளைகள் அதைப் பத்திரமாகத் திறக்க வயர்கார்ட் என்ற விபிஎன் (இன்டர்நெட்டுக்குள் பூட்டிய தனிப் பாதை) போட்டேன். மழைக்காலம் முழுக்க ஓடிவிட்டது, இனி நம்பி எழுதலாம்.

ரொம்பப் பிடித்தது, லைன் விழுந்தாலும் தானாக எழும்பிவிடுவதுதான். மஸ்கெலியாவில் மூடுபனியும் மழையும் சேர்ந்தால் 4ஜி வந்து வந்து போகும். முன்பு இருந்த விபிஎன்னில் ஒவ்வொரு தடவையும் திரும்ப லொகின் பண்ண வேண்டும். பாஸ்புத்தகத்தோடு வந்தவர்கள் வாங்கில் காத்திருப்பார்கள். இப்போது சிக்னல் திரும்பியதும் வேலை விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. ஜேசன் டொனன்ஃபெல்ட் எழுதிய இது 2020இல் லினக்ஸ் 5.6 கேர்னலுக்குள்ளேயே, அதாவது லினக்ஸின் மையப் பகுதிக்குள்ளேயே, சேர்ந்துவிட்டது. ஏறக்குறைய 4,000 வரி கோட்தான், அதனால் சின்ன ரவுட்டரும் திணறுவதில்லை.

பொருத்துமுன் காகிதத்தில் முகவரித் திட்டம் போடுங்கள். கடையில் வாங்கும் ரவுட்டர்கள் பல 192.168.1 என்றே வரும். இரண்டு கிளையில் ஒரே முகவரி இருந்தால் பக்கெட் (தகவல் துண்டு) எந்தப் பக்கம் போவது? ஹட்டனுக்கு 10.20.1, மஸ்கெலியாவுக்கு 10.20.2 என்று பிரித்தோம். அந்த முகவரிகளை மட்டும் விபிஎன் வழியே விட்டோம், மற்ற இன்டர்நெட் நேரே போகட்டும். இல்லாவிட்டால் கிளைக்காரர்கள் பார்க்கும் வீடியோவும் ஹட்டன் லைனில்தான் ஏறும்.

நிலையான பொது ஐபி, அதாவது வெளியிலிருந்து கூப்பிடக்கூடிய மாறாத இன்டர்நெட் முகவரி, ஹட்டனுக்கு மட்டும் எடுத்தால் போதும். சிம்மில் ஓடும் கிளைகள் பெரும்பாலும் கம்பனியின் பகிர்வு முகவரிக்குப் பின்னால் இருப்பதால் கிளைதான் முதலில் கூப்பிட வேண்டும். கீப்அலைவை (சும்மா இருக்கும்போதும் போகும் சின்னத் தட்டல்) 25 செக்கனுக்கு வையுங்கள், வழி மூடாது. பக்கத்தின் தலைப்பு வந்து பட்டியல் வராமல் நின்றால் எம்டியூவை (ஒரு பக்கெட்டின் உச்ச அளவு, பைட்டில்) பாருங்கள். வழக்கமாக இருக்கும் 1420ஐ நாங்கள் 1380 ஆக்கினோம், சரியானது.

குறை என்றால், இது தப்பானால் வாயே திறக்காது. கரண்ட் போய் வந்தபின் பொகவந்தலாவை மட்டும் இணையவில்லை. எரர் எதுவும் கிடையாது. அந்தச் சின்ன ரவுட்டரில் பேட்டரிக் கடிகாரம் இல்லை, அதனால் நேரம் பின்னால் போயிருந்தது. பழைய நேர முத்திரையோடு வரும் ஹேண்ட்ஷேக்கை (இணைப்பைத் தொடங்கும் செய்தி) யாரோ திருடித் திரும்பப் போடுகிறார்கள் என்று வயர்கார்ட் தள்ளிவிடும். ரவுட்டர் நேரத்தை என்டிபி (இன்டர்நெட்டில் நேரம் சரிபார்க்கும் முறை) மூலம், அதுவும் விபிஎன்னுக்கு வெளியே எடுக்கும்படி வைத்தபின் அந்தத் தொல்லை போயிற்று. இன்னொன்று, இது யூடிபி என்ற அனுப்பும் முறையில் மட்டுமே ஓடும். அதை அடைக்கும் ஹோட்டல் வைஃபையில் வேலை செய்யாது.

பயனர் பெயர், பாஸ்வேர்ட் எதுவும் இல்லை, சாவிதான் (நீளமான எழுத்துக்கோவை). ஆகவே ஒரே சாவியை இரண்டு பேருக்குக் கொடுக்காதீர்கள். போனுக்குக் காட்டும் கியூஆர் படத்தில் அந்த ஆளின் இரகசியச் சாவியே இருக்கிறது, அதை வட்ஸ்அப்பில் அனுப்பவே கூடாது. ஆளை நேரில் கூப்பிட்டு ஸ்கேன் பண்ண வையுங்கள். ஒருவர் வேலையை விட்டுப் போனால் ஹட்டன் ரவுட்டரில் அவருடைய பியரை (சாவியுடன் உள்ள பதிவு) மட்டும் நீக்கினால் போதும், மற்றக் கிளைகளில் கைவைக்கத் தேவையில்லை.