ஆமிஷ் கதைகள்: லங்காஸ்டரா, ஹோம்ஸ் கவுண்டியா?

சனிக்கிழமை மதியம் சமையல் முடிந்து வீடு அடங்கியதும் நான் கையில் எடுப்பது ஆமிஷ் நாவல்தான். ஆமிஷ் என்பவர்கள் கார் வைத்துக்கொள்ளாமல் குதிரை வண்டியில் போய், பழைய முறையில் எளிமையாக வாழும் அமெரிக்கக் கிறிஸ்தவச் சமூகத்தார். இந்தக் கதைகளில் அடிக்கடி வரும் ஊர்கள் இரண்டு: பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் கவுண்டி (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி), ஓஹாயோவின் ஹோம்ஸ் கவுண்டி.

குதிரை வண்டியை வைத்தே இரண்டையும் பிரித்துவிடலாம். லங்காஸ்டரில் சாம்பல் நிறக் கூண்டு, ஹோம்ஸில் கறுப்பு. லங்காஸ்டர்க்காரர்கள் சைக்கிள் ஓட்டமாட்டார்கள். காலால் உந்தும் ஸ்கூட்டர்தான். ஹோம்ஸில் பலரும் சைக்கிளில் போவார்கள்.

எனக்குத் தையல் பிடிக்கும் என்பதால் போர்வைகளில் கண் நின்றுவிடும். லங்காஸ்டரின் பழைய போர்வையில் பூ போடாத கம்பளித் துணி, நடுவே ஒரே பெரிய சாய்சதுரம், அவ்வளவுதான். கிட்டப் போய்ப் பார்த்தால் அந்த வெற்றுத் துணி முழுக்கப் பொடித் தையலில் இறகு வளையங்கள்! ஓஹாயோப் போர்வையில் கறுப்புப் பின்னணியில் சின்னச் சின்னப் பருத்தித் துண்டுகள் பளிச்சிடும்.

கதைக்கு என்றால் என் ஓட்டு ஹோம்ஸுக்கே. லங்காஸ்டரில் கட்டுப்பாடுகள் பெரும்பாலும் ஒரே மாதிரி. அதனால் மோதல் வெளியுலகத்தோடுதான் வரும். ஹோம்ஸில் பிரிவுகள் பல. 1960-களில் உருவான புதிய பிரிவினர் வீட்டில் தொலைபேசி வைத்துக்கொள்கிறார்கள். மிகக் கண்டிப்பான ஸ்வார்ட்சென்ட்ரூபர் பிரிவினரோ, மெதுவாகப் போகும் வண்டி என்று எச்சரிக்கும் ஆரஞ்சு முக்கோணத்தைக்கூட வண்டியின் பின்னால் மாட்டுவதில்லை, லாந்தர் விளக்குதான். இந்த இரு வீடுகளுக்கும் நடுவே ஒரு காதல் வந்தால், வெளியாள் யாரும் வேண்டாம், கதை தானே நகரும்.

முதன்முதலாகப் படிப்பவர்கள் மட்டும் லங்காஸ்டரில் தொடங்குங்கள். பிரிவுகளின் பெயர் குழப்பாது.