கிட்டார் பலகையை ஒட்டக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

சென்னையில் கிட்டாரைப் பழுது பார்க்கக் கொடுப்பவர்களுக்காக எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. என்ன செய்தார்கள் என்பதைச் சொல்கிறேன். உங்கள் கிட்டாரிலும் அதே வேலை நடந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் வாசித்த பழைய அக்கூஸ்டிக் கிட்டார் அது. மேல்பலகை ஸ்ப்ரூஸ் மரம், இரண்டு பாதிகளை நடுவில் ஒட்டியது. ஏசி அறையிலேயே கிடந்து காய்ந்ததில், பிரிட்ஜுக்கு (கம்பிகளைப் பிடித்திருக்கும் கட்டை) கீழே அந்த நடு இணைப்பு விட்டுப்போனது. பின்பலகையும் ஓரத்தில் ஒரு இடத்தில் லேசாகத் தூக்கிக்கொண்டது. இரண்டுமே வழக்கமாக வருகிற பழுதுகள்தான். முறையாக ஒட்டினால் பல வருடம் தாங்கும்.

கடைக்காரர் பார்த்துவிட்டு, "உள்ள மரத்துண்டு வச்சு, டைட்பாண்ட் போட்டு கிளாம்ப் பண்ணிடலாம் சார், கவலைப்படாதீங்க" என்றார். 4,500 ரூபாய். மரத்துண்டு என்றால், பிளவுக்குக் குறுக்கே உள்பக்கம் ஒட்டுகிற சின்னச் சின்ன ஸ்ப்ரூஸ் துண்டுகள். இணைப்பு மறுபடி விடாமல் பிடித்துக்கொள்வது அவைதான். டைட்பாண்ட் ஒரு மரப்பசை; கிளாம்ப், ஒட்டியதை இறுக்கிப் பிடிக்கும் கருவி. சரி, வேலை தெரிந்தவர் என்று நம்பிக் கொடுத்தேன்.

மறுநாளே "ரெடி சார்" என்று போன். காய்ந்து சுருங்கிய பலகையை முதலில் 45–50 சதவீத ஈரப்பதத்தில் சில நாட்கள் வைக்க வேண்டும். பெரும்பாலும் பிளவு தானாகவே நெருங்கி வரும். அப்புறம்தான் பசை. டைட்பாண்ட் போட்டால் கிளாம்பில் குறைந்தது அரை மணி நேரம், பாரம் ஏற்றுவதற்கு முன் 24 மணி நேரம். இதையெல்லாம் ஒரே நாளில் முடிக்கவே முடியாது.

சில வாரங்களில் பிளவுக் கோடு திரும்பத் தெரிந்தது. ஆறு கம்பிகளும் சேர்ந்து இழுப்பது சுமார் 70 கிலோ. பலகையின் தடிமனோ ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். பெயருக்கு ஒட்டியது எப்படி நிற்கும்?

கிட்டார் செய்கிற வேறொருவரிடம் கொண்டுபோனேன். அவர் கம்பிகளைத் தளர்த்தி, சவுண்ட் ஹோல் வழியாகச் சின்னக் கண்ணாடியையும் விளக்கையும் விட்டுக் காட்டினார். மரத்துண்டு ஒன்றுகூட இல்லை. பிளவில் மரத்தூளை அடைத்து சூப்பர் குளூவை ஊற்றியிருந்தார்கள். அது உள்ளே வழிந்து, பலகையைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தின் மேல் சொட்டுச் சொட்டாகக் கெட்டிப்பட்டு நின்றது. இரண்டு பாதிகளும் ஒரே மட்டத்தில் இல்லை, நகத்தை ஓட்டினால் தட்டியது. அதை மறைக்க உப்புத்தாளால் தேய்த்து மேலே வார்னிஷ் அடித்திருக்கிறார்கள்.

பின்பலகை அதைவிட மோசம். ஓரத்தை ஒட்டும்போது நெருக்கமாகப் பல சின்ன கிளாம்புகளை வைத்து, பசை சன்னமாக, ஒரே சீராக வெளியே கசியும் அளவுக்கு மட்டும் இறுக்க வேண்டும். பலகையில் தடம் விழாமல் கிளாம்புக்கு அடியில் மரக்கட்டையோ கார்க்கோ வைக்க வேண்டும். இங்கே இரும்பு கிளாம்பை நேராகப் பலகையில் வைத்து முறுக்கியிருக்கிறார்கள். வட்ட வட்டமாகக் குழி. ஒட்டியது மரப்பசையால் அல்ல, எபாக்ஸி என்ற வேதிப்பசையால்.

பணம் போனதைவிட எனக்கு ஆத்திரம் வருவது இதில்தான். சூப்பர் குளூ மரநாருக்குள் இறங்கிவிட்டால் அதன் மேல் மரப்பசை பிடிக்காது. சும்மா விட்டிருந்தால் எளிதாக ஒட்டியிருக்கக்கூடிய இணைப்பை இப்போது நீளவாக்கில் அறுத்து, பசை ஊறிய மரத்தை எடுத்துவிட்டு, மெல்லிய ஸ்ப்ரூஸ் கீற்றைச் செருக வேண்டும். செலவு பல மடங்கு. சூப்பர் குளூவைக் குறை சொல்லவில்லை, பாலிஷில் சில்லு பெயர்ந்தால் அடைக்க அது நல்ல பொருள். 70 கிலோ இழுப்பைத் தாங்க வேண்டிய பலகையின் இணைப்பில் தூளோடு கலந்து ஊற்றுவது ஏமாற்று வேலை.

கடையில் போய்க் கேட்டதற்கு, "நீங்க கம்பியை ஓவரா டைட் பண்ணிருப்பீங்க சார்" என்று பதில். மரத்துண்டு எங்கே என்றதற்குப் பதிலே இல்லை. பில்லில் "கிட்டார் சர்வீஸ்" என்று மட்டும் எழுதியிருப்பதால் மேற்கொண்டு பேசவும் வழியில்லை.

ஆகவே கொடுப்பதற்கு முன்பே எந்தப் பசை, எத்தனை மரத்துண்டு என்று பில்லில் எழுதி வாங்குங்கள். பசை பாட்டிலைக் கண்ணால் பாருங்கள். கிளாம்ப் போட்ட நிலையிலும், முடிந்தபின் உள்பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒழுங்காகச் செய்பவர் தயங்க மாட்டார். சமீபத்தில் எங்காவது நடு இணைப்பை ஒட்டி வாங்கியிருந்தால், இன்றே ஒரு கண்ணாடியை உள்ளே விட்டுப் பாருங்கள். மரத்துண்டு தெரியவில்லையென்றால் முதலில் கம்பிகளைத் தளர்த்திவிடுங்கள், பிளவு நீளாமலாவது இருக்கும்.