வேலூர் சத்துவாச்சாரி வீட்டை இப்போதே கொடுப்பதா, வாடகைக்கு விட்டுக் காத்திருப்பதா?

வேலூரில் வீடு விற்க நினைக்கிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பக்கத்துத் தெருவில் யாரோ எழுபது லட்சத்துக்குக் கொடுத்தார்கள் என்று காதில் விழுந்திருக்கும். உடனே நம்முடையது எண்பது என்று முடிவு செய்துவிடுவார்கள். மனை, வீடு எல்லாம் மளமளவென்று கைமாறிய காலத்தில் இது செல்லும். மாதக்கணக்கில் ஒருவர் இருவர் மட்டும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற காலத்தில் செல்லாது. "எண்பதுன்னு போடுங்கண்ணா, குறைச்சுக் கேட்டா அப்புறம் பாத்துக்கலாம்" என்று தரகரிடம் சொல்கிறோம். குறைத்துக் கேட்கக்கூட ஆள் வருவதில்லை.

அதைவிட மோசம், பல தரகர்களிடம் சொல்லி வைப்பது. ஒரே வீட்டின் படம் நாலைந்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும். ஒன்றில் 80, ஒன்றில் 76, இன்னொன்றில் "72 ஃபைனல், ஓனர் அவசரம்". வாங்க வருகிறவர் எல்லாக் குழுவிலும் இருக்கிறார். அவர் 72-ல் இருந்துதான் பேச்சைத் தொடங்குவார். கூடவே, "இவ்வளவு நாளா போகலையே, ஏதாவது வில்லங்கமா?" என்ற சந்தேகமும் அவருக்கு வந்துவிடும். ஆரம்பத்திலேயே நியாயமான விலை சொல்லி, ஒரே தரகரிடம் மூன்று மாதம் கொடுத்துப் பார்ப்பது இதைவிடப் பல மடங்கு மேல்.

சரி, நியாயமான விலைக்குக்கூட உடனே போகவில்லை என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக நம் ஊரில் மூன்று வழிகள் பேசப்படும்: வாங்க வருகிறவர் கேட்கிற விலைக்குக் கொடுத்துவிடுவது, வாடகைக்கு விட்டுக் காத்திருப்பது, மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு வாடகையில்லாமல் போக்கியத்துக்கு விடுவது.

விற்பதும் காத்திருப்பதும்: ஒரு கணக்கு

கணக்குக்காக ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். சத்துவாச்சாரியில் தரைத்தளமும் மாடியில் ஓர் அறையும் உள்ள பழைய வீடு. உங்கள் மனதில் 75 லட்சம், கையில் பணத்தோடு வந்தவர் சொல்வது 65. வரி, தரகு எல்லாம் போக 62 லட்சம் மிஞ்சுகிறது என்று வைப்போம். வங்கி வைப்பில் 6.5% வட்டி என்றால் வருடத்துக்குச் சுமார் 4 லட்சம். அதே வீட்டை மாதம் 14,000-க்கு விட்டால் வருடம் 1,68,000. நடுவில் ஒரு மாதம் காலியாகக் கிடக்கும், மோட்டார் போகும், சொத்து வரி கட்ட வேண்டும். 1,40,000 நிற்கும் என்று வையுங்கள். இரண்டு வருமானத்துக்கும் வருமான வரி உண்டு, வாடகையில் மட்டும் பழுதுக்கென்று 30% கழிவு கிடைக்கும்.

ஆக, காத்திருக்கும் ஒவ்வொரு வருடமும் உங்களுக்கு ஏறத்தாழ 2,60,000 செலவு. இரண்டு வருடம் கழித்து விற்றால் 70 லட்சத்துக்கு மேல் போனால்தான் காத்திருந்ததில் லாபம். பூட்டியே வைத்திருந்தால் அந்தக் கோடு 73-ஐத் தாண்டிவிடும். பூட்டிய வீட்டில் கரையான் ஏறுவதும், வேலூர் வெயிலில் மொட்டை மாடித் தளம் வெடிப்பதும் தனிக்கணக்கு.

75 வரும் என்று உங்களுக்கு உறுதி இருந்தால் காத்திருங்கள், கணக்கு உங்கள் பக்கம்தான். ஆனால் அந்த உறுதி எதிலிருந்து வருகிறது என்று பாருங்கள். பக்கத்தில் பதிவான விலையிலிருந்தா, தேநீர்க் கடைப் பேச்சிலிருந்தா? பதிவுத்துறை இணையதளத்தில் பக்கத்து மனைகளுக்கு வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) போட்டுப் பார்த்தால் அண்மையில் என்ன மதிப்புக்குப் பத்திரம் ஆனது என்று தெரியும். பத்திரத்தில் குறைத்துக் காட்டும் பழக்கம் இருப்பதால் அது முழு உண்மை இல்லை. இருந்தாலும் தெருவில் எத்தனை வீடு கைமாறியது என்பதாவது தெரியுமே.

வாடகை எடுபடுமா என்பது ஏரியாவைப் பொறுத்தது. காட்பாடி, பிரம்மபுரம், காங்கேயநல்லூர் பக்கம் விஐடி பல்கலைக்கழக மாணவர்களை நம்பி வாடகைக்கு விடுவார்கள். வாடகை கூடுதலாகக் கிடைக்கும், ஆனால் கோடை விடுமுறையில் காலியாகும், சுவரும் கதவும் அடி வாங்கும். தோட்டப்பாளையம், காகிதப்பட்டறை பக்கம் சிஎம்சி மருத்துவமனைக்கு வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிற நோயாளிக் குடும்பங்களுக்கு அறை அறையாக விடலாம். அதில் காசு உண்டு, வேலையும் உண்டு. வங்கதேசத்தவரைத் தங்க வைத்தால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை அரசிடம் பதிய வேண்டும். 2022-ல் சிஎம்சியின் ராணிப்பேட்டை வளாகம் வந்த பிறகு சில துறைகள் அங்கே போய்விட்டன என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். விற்கிற எண்ணம் இருக்கிறவர்களுக்கு நான் சொல்வது, குடும்பத்துக்கு விடுங்கள், 11 மாத ஒப்பந்தம் போடுங்கள், வீட்டைப் பார்க்க ஆள் வரும் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். இதைச் சொல்லாமல் விட்டால், வாங்க வருகிறவர் வாசலில் நிற்கும்போது குடியிருப்பவர் கதவைத் திறக்க மாட்டார்.

போக்கியம் யாருக்கு?

எட்டு லட்சம் மொத்தமாக வாங்கிக்கொண்டு மூன்று வருடத்துக்கு வீட்டைக் கொடுத்துவிடுவது. வாடகை கிடையாது, வட்டியும் கிடையாது, கடைசியில் எட்டு லட்சத்தைத் திருப்ப வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் கையில் பெரிய தொகை. ஆனால் அந்த எட்டு லட்சத்தை வைப்பில் போட்டால் வருடம் 52,000. வாடகையே 1,68,000 வருமே! வீட்டுக்கடனை அடைத்தாலும் மிச்சமாகும் வட்டி 70,000-ஐத் தொடாது.

ஆனால் ஒருவருக்கு மட்டும் இது கைகொடுக்கும். இரண்டு வட்டிக்கு வாங்கி மாட்டிக்கொண்டவருக்கு. நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்றால் எட்டு லட்சத்துக்கு வருடம் 1,92,000. அதை அடைக்கிறவருக்குப் போக்கியம் லாபம்தான். மகள் கல்யாணத்துக்கோ புது பைக்குக்கோ போக்கியம் விடுகிறவருக்கு இல்லை, ஏனென்றால் திருப்பித் தர வேண்டிய நாளில் அந்தப் பணம் எங்கும் இருக்காது.

விற்கும் எண்ணம் இருந்தால் போக்கியம் இன்னும் இடைஞ்சல். வாங்குகிறவர் எட்டு லட்சத்தைக் கழித்துத்தான் கொடுப்பார். வங்கிக் கடனில் வாங்குகிறவருக்கு வீடு காலியாக வேண்டும். போக்கியக்காரரோ கெடு முடியாமல் நகர மாட்டார். பதிவு செய்யாமல், முத்திரைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவதோடு நிறுத்துகிறார்கள் பலர். அது கொடுத்தவருக்கும் பாதுகாப்பில்லை, வாங்கியவருக்கும் பாதுகாப்பில்லை.

மூன்றில் என் தேர்வு: கேட்கிற விலை உங்கள் நியாய விலைக்குப் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் கொடுத்துவிடுங்கள். அதற்கும் கீழே என்றால் குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டுத் தை மாதம் மறுபடி முயலுங்கள். போக்கியத்தைக் கந்துவட்டிக்கு மருந்தாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வாங்குவதா, முதலில் விற்பதா?

பழைய வீட்டை விற்றுக் கொஞ்சம் பெரிதாக வாங்க நினைப்பவர்கள்தான் மந்தமான காலத்தில் அதிகம் சிக்குகிறார்கள். "நல்ல வீடு வந்திருக்கு, விட்டா போயிடும்" என்று அட்வான்ஸ் கொடுத்துவிடுவார்கள். மூன்று மாதக் கெடு. பழைய வீடு போகாது. கெடு நெருங்க நெருங்க அடிமாட்டு விலைக்குத் தள்ளுவார்கள். போகிற வீடு போகட்டும், மந்தச் சந்தையில் அதே மாதிரி இன்னொன்று கட்டாயம் வரும். முதலில் விற்பதே சரி. இடைவெளியில் ஒரு வருடம் வாடகைக்கு இருப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

வருமான வரியும் இதற்கு இடம் கொடுக்கிறது. பழைய வீட்டை விற்ற லாபத்தை, விற்பதற்கு ஒரு வருடம் முன்போ விற்ற இரண்டு வருடத்துக்குள்ளோ வேறு வீடு வாங்கப் பயன்படுத்தினால், அல்லது மூன்று வருடத்துக்குள் கட்டினால் வரிவிலக்கு உண்டு. கணக்குத் தாக்கல் கெடுவுக்குள் வாங்க முடியவில்லை என்றால் பணத்தை அதற்கென்று உள்ள வங்கிக் கணக்கில் போட்டுவைக்க வேண்டும். விலக்கு வேண்டாம், வரி கட்டுகிறேன் என்பவருக்கு 12.5%. 2024 ஜூலை 23-க்கு முன்பு வாங்கிய வீடானால், விலைவாசிக் குறியீட்டைக் கழித்து 20% கட்டும் பழைய வழியையும் இந்தியாவில் வசிக்கும் தனிநபர் போட்டுப் பார்த்து, எது குறைவோ அதைக் கட்டலாம். பழைய சொத்துக்குச் சில நேரம் 20 சதவீதமே மலிவு. ஆடிட்டரிடம் இரண்டையும் போடச் சொல்லுங்கள்.

விற்கிறவருக்கு இன்னொரு எச்சரிக்கை. கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்தால் அது வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். வந்தவருக்கு வங்கிக் கடன் கிடைக்காமல் போனால், ரத்துப் பத்திரத்துக்கு அவரும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். ஐம்பதாயிரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வீட்டை ஒரு வருடம் முடக்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கடனுக்கு வங்கி கொள்கை அளவில் சம்மதித்த கடிதத்தைப் பார்த்த பிறகு ஒப்பந்தம் போடுங்கள். கெடுவை எழுதுங்கள். அட்வான்ஸை வங்கி வழியாகவே வாங்குங்கள், 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால் அதே அளவு அபராதம் வரும்.

வாங்குகிறவர் பக்கம்: பழைய வீடு, மனை, ஃப்ளாட்

வாங்குகிறவருக்கு மந்தக் காலம் நல்ல காலம். அதிலும் ஆடி. எல்லோரும் பத்திரம் பதியத் தயங்குகிற மாதத்தில் பேசி முடித்து, ஆவணியில் பதியலாம். ஆவணி முகூர்த்த நாட்களில் சார்பதிவாளர் அலுவலகங்களுக்குக் கூடுதல் டோக்கன் கொடுக்கும் அளவுக்குக் கூட்டம் இருக்கும், அதை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

மனைதான் மலிவு என்று அரியூர், பென்னாத்தூர், அடுக்கம்பாறை தாண்டிப் போகிறார்கள். மலிவுதான். ஆனால் சந்தை படுக்கும்போது முதலில் படுப்பதும் கடைசியில் எழுவதும் ஊருக்கு வெளியே உள்ள மனை. வாடகை வராது. "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று சொன்னால் அங்கேயே பைக்கைத் திருப்புங்கள். நகர் ஊரமைப்புத் துறையின் (டிடிசிபி) அனுமதியும், 500 சதுர மீட்டரைத் தாண்டிய லேஅவுட்டுக்கு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் (ரெரா) பதிவும் வேண்டும். 2016 அக்டோபர் 20-க்கு முன் போட்ட அனுமதியற்ற மனை என்றால் வரன்முறை செய்த உத்தரவைக் கேளுங்கள்.

புது ஃப்ளாட்டில் பத்திரச் செலவு குறைவு. கட்டியவரிடம் முதன்முறை வாங்கும்போது 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வை 4%, பதிவுக் கட்டணம் 2%. தனி வீட்டுக்கு 7-ம் 2-ம் சேர்ந்து 9%. 45 லட்சத்தில் 1,35,000 மிச்சம். ஆனால் வேலூரில் ஃப்ளாட்டைத் திரும்ப விற்பது இன்னும் கடினம். இந்த ஊர்க்காரர்களுக்கு வாசல் வேண்டும், கோலம் போட இடம் வேண்டும், மாடி எடுக்க உரிமை வேண்டும். பக்கத்து மாநிலத்திலிருந்து வந்து தங்கும் பேராசிரியரோ மருத்துவரோதான் ஃப்ளாட் தேடுவார்.

எனவே மந்தக் காலத்தில் என் வாக்கு நகருக்குள் இருக்கும் பழைய தனி வீட்டுக்கு. விற்கிறவருக்கு அவசரம் இருக்கும், பேரம் பேச நிறைய இடம் இருக்கும். விலையை மட்டும் குறைக்கச் சொல்லாதீர்கள். 60 லட்சத்தில் ஒரு லட்சம் குறைப்பதைவிட, பட்டாவை அவர் பெயருக்கு மாற்றித் தரச் சொல்வதும், சொத்து வரி, குடிநீர் வரிப் பாக்கியைக் கட்டச் சொல்வதும், வெளியூரில் இருக்கும் தங்கையைக் கையெழுத்துக்கு வரவழைக்கச் சொல்வதும் உங்களுக்குப் பெரிய லாபம். அப்பா பெயரில் இருந்த வீட்டில், அவர் உயில் எழுதாமல் போயிருந்தால், மகள்களுக்கும் பங்கு உண்டு. வாரிசுச் சான்றில் உள்ள ஒவ்வொரு பெயரும் பத்திரத்தில் இருக்க வேண்டும்.

சத்துவாச்சாரியில் வீட்டு வசதி வாரிய ஒதுக்கீட்டு வீடாக இருந்தால், வாரியம் ஒதுக்கீடு பெற்றவருக்குக் கிரயப்பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். ஒதுக்கீட்டு ஆணையை வைத்துக்கொண்டே கைமாற்றிய வீடுகள் உண்டு. தாழ்வான இடம் என்றால் 2021 நவம்பரில் தண்ணீர் எங்கே வரை நின்றது என்று பக்கத்து வீட்டம்மாவிடம் கேளுங்கள். கன்சால்பேட்டை போன்ற இடங்களில் இதைக் கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்கவே கூடாது. வீட்டை ஒரு முறை மதியம் இரண்டு மணிக்கும் போய்ப் பாருங்கள். சித்திரை வெயிலில் மேல் அறையில் ஐந்து நிமிடம் நின்றால், கூரைக்குத் தட்டோடு போடும் செலவை விலையில் கழிக்கச் சொல்ல உங்களுக்கே வாய் வரும்.

கைப்பணத்தைச் சரியாக எண்ணிக்கொள்ளுங்கள். 60 லட்சம் வீட்டுக்கு வங்கி அதிகபட்சம் 80%, அதாவது 48 லட்சம் தரலாம். பழைய கட்டடத்துக்கு வங்கி மதிப்பீட்டாளர் போடும் மதிப்பு குறைவாக இருந்தால் கடனும் குறையும். பத்திரச் செலவு 5,40,000 அந்தக் கடனில் வராது. ஆக 17,40,000 கையில் வேண்டும், தரகு தனி. மந்தக் காலத்தில் பேசிய விலை அரசு வழிகாட்டி மதிப்பைவிடக் கீழே போவதும் உண்டு. அப்போதும் முத்திரைத் தீர்வை வழிகாட்டி மதிப்புக்குத்தான். வித்தியாசம் 10 சதவீதத்தைத் தாண்டினால் விற்றவர், வாங்கியவர் இருவருக்குமே வருமான வரி கேள்வி வரும். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1% பிடித்தம் செய்து அரசுக்குக் கட்டுவது வாங்குகிறவர் பொறுப்பு. பணத்தைக் கொடுக்கும்போதே அதைக் கழித்துக்கொள்ளுங்கள், பதிவு முடிந்த பிறகு விற்றவரிடம் திருப்பிக் கேட்டால் தர மாட்டார்.